பக்கத்துக் கலம் சொன்னது

சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழம் ஜனவரி பிறந்த பிறகுதான் பழுக்கும். சிசிலியின் மற்றத் தோப்புகளில் நத்தாருக்கு முன்பே சந்தைக்குப் போய்விடும் பழம், இங்கே மார்ச் வரை மரத்தில் நிற்கும். 1940களில் இந்த ஊர்த் தோப்பொன்றில், ‘அவானா’ சாதி மரத்தில் தானாக நேர்ந்த மரபணு மாற்றம் அதற்குக் காரணம். ஒரு மொட்டின் நுனியில் ஓர் உயிர்க்கலம் மாறியது. அது பிளந்து பெருகியதில் அந்தக் கிளையே வேறாகிப் போனது. பழம் பிந்தியது, இனிப்புக் கூடியது, விதை குறைந்தது. தோட்டக்காரர்கள் அந்தக் கிளையை வெட்டி மற்ற மரங்களில் ஒட்டினார்கள். கிரிஃபோனே மலையடிவாரத்தில் இன்று நாங்கள் பறிக்கும் ‘தார்தீவோ தி சியாகுல்லி’ எல்லாம் அந்த ஒரு மொட்டின் வழி வந்தவை.

இத்தாலியர்களிடம் சியாகுல்லி என்றால், 1963 ஜூன் 30 அன்று மாஃபியாக்காரர் விட்டுச்சென்ற கார்க்குண்டு வெடித்து ஏழு பொலிஸ், இராணுவத்தினர் இறந்த ஊர் என்றுதான் சொல்வார்கள். நானும் குண்டுச் சத்தத்தில் வாழ்ந்தவள். ஆனாலும் எனக்கு இது ஒரு மொட்டு மாறிய ஊர்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தேன். இங்கே என் கணவர் தோப்பில் வேலை செய்கிறார். நான் பலெர்மோ நகருக்குள் போய், மருத்துவமனைகளிலும் ‘கொன்சுல்தோரியோ’ எனப்படும் அரச குடும்பநல நிலையங்களிலும் தமிழ்ப் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கிறேன். பாலாரோ சந்தைப் பக்கத்திலிருந்து வருகிற கர்ப்பிணிப் பெண்கள் பலருக்கு நான் இன்னமும் ‘ரீச்சர்’தான். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த ஒரு தங்கச்சி ஒருநாள் என்னைக் கேட்டாள்:

“எல்லாம் ஒரு கலத்தில இருந்துதானே வந்தது, ரீச்சர்? அப்ப ஈரலுக்கு, நீதான் ஈரல் எண்டு ஆர் சொன்னது?”

அன்று அவளுக்குக் கொடுக்க நேரமில்லாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பதிலில் ஒரு நல்ல பகுதி இதே பலெர்மோவில்தான் தேடப்பட்டது. இங்கே பல வருடம் வாழும் எங்கள் சனத்துக்கும் அது தெரியாது.

முதலில் ஒரு விசயம். உடம்பில் ஏறக்குறைய எல்லாக் கலங்களிடமும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது, சுமார் 20,000 மரபணுக்கள். ஈரல் கலத்திடம் கண்ணுக்கான மரபணுவும் உண்டு, கண்ணின் கலத்திடம் ஈரலுக்கானதும் உண்டு. எந்தக் கலம் எந்த மரபணுவை வேலைக்கு எடுக்கிறது, எதைப் பூட்டி வைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பூட்டுவதும் திறப்பதும் சில புரதங்களின் வேலை. 1987-ல் அமெரிக்காவில் ஒரே ஒரு மரபணுவை, மையோ-டி என்று பெயர், இணைப்பிழையக் கலங்களுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவை தசைக் கலங்களாக மாறின. ஒரு திறப்பு எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பது அதில் தெரிந்தது. ஆனால் தங்கச்சியின் கேள்வி அதற்கும் முந்தியது. அந்தத் திறப்பை இந்தக் கலத்திடம் கொடுத்தது யார்?

பலெர்மோவின் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் அர்கிராஃபி வீதி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பழைய விலங்கியல் நிறுவனம் அங்கேதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நகரம் நேச நாடுகளின் குண்டுவீச்சின் இடிபாடுகளுக்குள் கிடந்த காலத்தில், பேராசிரியர் ஜுசெப்பே ரெவெர்பெரி தன் குழுவோடு ஆசிடியன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆசிடியன் கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் பை போன்ற உயிரி, தொட்டால் நீரைப் பீச்சும். பார்த்தால் யாரும் எங்களுக்கு உறவு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அதன் குஞ்சு வாலோடு நீந்தும். வாலுக்குள் முதுகுநாண் இருக்கும், தலைக்குள் ஒரு சின்ன மூளையும் ஒளியை உணரும் ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்கும். முதுகெலும்புள்ள பிராணிகளின் நெருங்கிய இனம் அது என்று 1866-லேயே ரஷ்யரான கோவலெவ்ஸ்கி காட்டிவிட்டார். குஞ்சின் முழு உடம்பிலும் சுமார் 2,600 கலங்கள்தான், முதுகுநாணில் 40. எண்ணிப் பார்க்கக்கூடிய உடம்பு. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் அதை விரும்பினார்கள்.

அந்தக் காலத்து நம்பிக்கை, ஆசிடியன் கருவில் ஒவ்வொரு கலத்தின் விதியும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது. முட்டைக்குள் இருக்கும் பொருட்கள் பங்கு பிரிந்து எந்தக் கலத்துக்குப் போகின்றனவோ அது அந்த உறுப்பாகும், பக்கத்தில் யார் இருந்தாலும் கவலையில்லை என்று நினைத்தார்கள். ரெவெர்பெரியும் அவரோடு வேலை செய்த மிங்கான்தியும் 1946-ல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் கல நிலைக் கருவை எடுத்து, நான்கு சோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியையும் தனியே வளர்த்தார்கள். வால்த்தசைக்குரிய சோடி தனியே இருந்தும் தசையானது. பழைய நம்பிக்கை சரிதான் என்று தோன்றும். ஆனால் மூளையாகவேண்டிய சோடி தனியே விடப்பட்டபோது மூளையாகவில்லை. வெறும் தோல்தான் வந்தது. அதையே முதுகுநாண் பக்கத்துச் சோடியோடு சேர்த்து வைத்தபோது மூளையும் கறுப்புப் புள்ளியும் உண்டாயின.

இதை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். மூளையாக வேண்டிய கலம், பக்கத்தில் சரியான ஆள் இல்லாவிட்டால் தோலாகிவிடும்.

அதே நிறுவனத்தில் ஜுசெப்பினா ஒர்தொலானி என்ற பெண் ஆராய்ச்சியாளர் இருந்தார். கண்ணுக்குத் தெரியாத கருவின் தனித்தனிக் கலங்களின்மேல் நிறச் சோக்குத் துகளை ஒட்டிவைத்து, அந்தத் துகள் எந்த உறுப்புக்குப் போய்ச் சேருகிறது என்று 1950களில் வரைபடம் செய்தவர். இன்று ஒளிரும் சாயங்கள் வந்துவிட்டன, அன்று இருந்தது அவருடைய கைநிதானம். விஞ்ஞான வரலாற்றில் இப்படியான கைகளுக்கு நாம் இன்னும் நிறைய மரியாதை செய்யவேண்டும்.

தசை எப்படித் தனியே உருவானது என்ற மறுபாதிக்குப் பதில் ஜப்பானிலிருந்து 2001-ல் வந்தது. முட்டையின் ஒரு மூலையில் தாய் முன்கூட்டியே வைத்துவிடும் ஓர் ஆர்.என்.ஏ., அது யாருக்குப் பங்காகப் போகிறதோ அந்தக் கலம் தசை. மூளைக்கு வேண்டிய செய்தி என்ன என்பதும் பின்னால் பிடிபட்டது. பக்கத்துக் கலம் வெளிவிடும் எஃப்.ஜி.எஃப். என்ற புரதம் அது. ஆக, தாய் கொடுத்த பங்கு, அயல் சொன்ன செய்தி என்று இரண்டு வழி உண்டு. மனிதக் கருவில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். எட்டுக் கலமாக இருக்கும்போது எங்கள் கலங்களில் எதற்கும் இன்னும் உறுப்பு விதிக்கப்படவில்லை. அந்த வயதில் கரு இரண்டாகப் பிரிந்தால் இரட்டைப் பிள்ளைகள், இருவரும் முழுமையாக.

பலெர்மோவில் இன்னொரு சோதனையும் நடந்தது. மொந்தெல்லோக் கடற்கரைக் கடைகளில் கடல்முள்ளியைப் பிளந்து பச்சையாகத் தின்பார்கள், ஸ்பகெத்தியில் கலந்தும் தருவார்கள். பரசென்ட்ரோட்டஸ் லிவிடஸ் என்ற அதே கடல்முள்ளிதான் இங்கே பிறந்த ஆல்பெர்தோ மொன்ரோய் கருக்கட்டலை ஆராய எடுத்துக்கொண்ட உயிரி. அவருடைய வழியில் வந்த ஜொவான்னி ஜூதிச்சே, கல்சியம் இல்லாத நீரில் கடல்முள்ளிக் கருக்களைப் போட்டார். கலங்களை ஒட்டிவைத்திருக்கும் புரதங்களுக்குக் கல்சியம் வேண்டும், அது இல்லாதபோது கரு தனித்தனிக் கலங்களாகக் கலைந்துவிடும். பிறகு கலங்களைச் சாதாரணக் கடல்நீருக்கு மாற்றினார். அவை ஒன்றையொன்று தேடி ஒட்டின, பந்தாயின, நீந்தின, சில குஞ்சு வடிவம்வரை வளர்ந்தன. 1962-ல் அந்த ஆய்வு வந்தது. கலங்களுக்குத் தங்கள் சாதி தெரிகிறது. தோலுக்குரியவை வெளியே போகின்றன, குடலுக்குரியவை உள்ளே போகின்றன. ஊர் விட்டு ஊர் சிதறிய எங்களுக்கு இதை வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கும். எனக்கு அடைத்தது.

இனி மனிதக் கரு. கருத்தரித்து ஐந்தாம் நாள் அது நீர் நிறைந்த ஒரு சின்னப் பந்து. ஆறாம், ஏழாம் நாளில் கருப்பைச் சுவரில் பதிகிறது. மூன்றாம் வாரத்தில் தட்டையான தகடாக இருக்கும் கருவின் நடுவில் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்குள் கலங்கள் இறங்கி உள்ளே பரவி மூன்று படைகளாகின்றன. மேற்படையிலிருந்து தோலும் நரம்பும், நடுப்படையிலிருந்து தசை, எலும்பு, இரத்தம், சிறுநீரகம், கீழ்ப்படையிலிருந்து குடலும் ஈரலும் நுரையீரலின் உட்பூச்சும் வரும். 22-ம் நாள் அளவில் இதயம் அடிக்கத் தொடங்கும். அப்போது அது ஒரு குழாய்தான், அறை எதுவும் இல்லை.

ஈரலுக்குச் சொன்னது இந்த இதயம்தான். குடலாகப் போகும் குழாயின் முன்பகுதி, வளரும் இதயத்துக்கு அருகே வரும் இடத்தில், இதயப் பக்கத்திலிருந்து எஃப்.ஜி.எஃப். செய்தி வருகிறது. அதை ஒட்டிய இழையத்திலிருந்து வேறொரு செய்தியும் சேர்கிறது. இரண்டும் கிடைத்த கலங்கள் ஈரலுக்கான மரபணுக்களைத் திறக்கின்றன. கொஞ்சம் தள்ளி நின்று அந்தச் செய்தி கிடைக்காத கலங்கள் கணையத்தின் பக்கம் போகின்றன. தங்கச்சி, உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: உன் பிள்ளையின் ஈரலை ஈரலாக்கியது அதன் நெஞ்சு.

சிறுநீரகத்தில் பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒரு பக்கம் சிறுநீர்க்குழாயின் மொட்டு, மறுபக்கம் அதைச் சுற்றிய இழையம். இழையம் மொட்டைக் ‘கிளை விடு’ என்கிறது. மொட்டு இழையத்தை ‘வடிகுழாயாகு’ என்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது செத்துப்போகும். உயிரியலாளர் கிளிஃபர்ட் குரோப்ஸ்டைன் 1950களில் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வடிதாளை வைத்துப் பார்த்தார், வடிகுழாய்கள் அப்போதும் வந்தன. பிறக்கும்போது ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து இலட்சம் வடிகட்டிகள் இருக்கும், ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். 36-ம் வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வடிகட்டிகூடப் புதிதாக வராது. முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடரச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

தோப்பு மரமும் நாங்களும் வேறுபடும் இடம் இது. மரம் சாகும்வரை நுனியில் இளங்கலங்களை வைத்துக்கொண்டு புதிது புதிதாக இலையும் பூவும் படைக்கும். அதனால்தான் வளர்ந்த மரத்தின் ஒரு மொட்டு மாறி ஊருக்கே புது மண்டரினைக் கொடுக்க முடிந்தது. எங்களுக்கு உறுப்புகளின் அடிப்படை அமைப்பு கருத்தரித்து எட்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச மாதங்கள் வளர்ச்சிக்கும் முதிர்ச்சிக்கும்.

வளர்ச்சி என்றால் பெருகுவது மட்டுமல்ல, சாவதும் உண்டு. கருவின் கை முதலில் விரல் பிரியாத தகடாக இருக்கும். இடையிலுள்ள கலங்கள் தாமாகவே, ஒழுங்காக இறந்துபோவதால் விரல்கள் பிரிகின்றன. நரம்புகளிலும் அப்படியே. 1938-ல் யூதர் என்பதால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்ட ரீத்தா லெவி-மொன்தால்சினி, தூரின் நகரில் தன் படுக்கை அறையில் கோழி முட்டைகளை வைத்து இதை ஆராய்ந்தார். சேரவேண்டிய இடத்திலிருந்து ஊட்டம் கிடைக்காத நரம்புக் கலங்கள் இறந்துவிடுகின்றன என்று கண்டார். அந்த வழியில் கிடைத்த நரம்பு வளர்ச்சிக் காரணிக்காக ஸ்டான்லி கோஹெனோடு சேர்த்து 1986-ல் நோபல் பரிசு வந்தது.

அவருடைய படுக்கை அறையை நினைக்கும்போதெல்லாம் எங்கள் வகுப்பறை ஞாபகம் வரும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பித்தான் பார்ப்போம். அடைக்கு வைத்த முட்டையை மூன்றாம் நாள் உடைத்தால், மஞ்சட்கருவின் மேலே ஒரு சிவப்புப் புள்ளி துடிப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. சிசிலியின் மெஸ்ஸீனாவில் 1660களில் பேராசிரியராக இருந்த மல்பீகி, பின்னர் பொலோஞ்ஞாவிலிருந்து அதே கோழிக் கருவை நாள்வாரியாக வரைந்து எழுதினார். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் புள்ளியைப் பார்த்து மூச்சுவிடாமல் நின்றார்கள். அந்த வகுப்பிலிருந்து இரண்டு பேர் இன்று மருத்துவர்கள்.

கொன்சுல்தோரியோவில் நான் அடிக்கடி சொல்லவேண்டியிருக்கிற ஒன்றை இங்கேயும் சொல்கிறேன். கருவின் முதுகுப் பக்கத்தில் தட்டையாக இருக்கும் நரம்புத் தகடு, வெற்றிலை சுருள்வதுபோல இரு ஓரமும் எழும்பி நடுவில் ஒட்டிக் குழாயாகும். 28-ம் நாளுக்குள் இரு முனையும் மூடிவிட வேண்டும். கீழ்முனை மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு. மேல்முனை மூடாவிட்டால் மூளை உருவாகாது, அந்தப் பிள்ளை பிழைக்காது. ஃபோலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கிறது என்று பிரித்தானியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-ல் உறுதியாகக் காட்டியது. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு அப்படி நேர்ந்த தாய்மாரிடம், மறுபடி நேர்வது நூற்றுக்கு எழுபது அளவுக்குக் குறைந்தது.

ஆனால் நாளைக் கவனிக்க வேண்டும். கிளினிக்கில் வாரத்தைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள், கருவின் உண்மை வயது அதைவிட இரண்டு வாரம் குறைவு. மருத்துவர் ஆறு வாரம் என்று சொல்லும்போது குழாய் மூடும் நாள் வந்துவிட்டது. எங்கள் பெண்களோ ‘எல்லாம் உறுதியாகட்டும்’ என்று எட்டாம், பத்தாம் வாரத்தில்தான் வருகிறார்கள். யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் பொத்தி வைக்கும் பழக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. சொல்லாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் பிள்ளை வேண்டும் என்று நினைத்த மாதமே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்குங்கள். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முன்பு இப்படி ஒரு பிள்ளை என்று ஏதாவது இருந்தால் அளவு வேறு, மருத்துவரிடம் கேளுங்கள். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் புதிதாக மணமுடித்தவர்களிடமே இந்த மாத்திரையைக் கொடுக்கிறார். அந்த ஒழுங்கு மிக நல்லது.

நாளின் கடுமையை உலகம் தாலிடோமைடில் கற்றது. 1957 முதல் 1960களின் தொடக்கம்வரை ஐரோப்பாவில் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் விற்ற மாத்திரை. கருத்தரித்து சுமார் 20-ம் நாளிலிருந்து 36-ம் நாள்வரையான இடைவெளியில் அதை விழுங்கிய தாய்மாருக்குக் கையோ காலோ காதோ சிதைந்த பிள்ளைகள் பிறந்தார்கள், உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அந்த நாட்களுக்குப் பிந்தி விழுங்கியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பினார்கள். கை முளைக்கும் நேரத்தில் வேண்டியிருக்கும் ஒரு புரதத்தை அந்த மருந்து அழித்துவிடுகிறது என்பது 2018-ல்தான் தெளிவானது.

ஓர் உறுப்பு மட்டும் இந்தக் காலக்கணக்குக்கு அடங்காமல், பிறந்த பிறகும் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். அது இரத்தம். மூன்றாம் வாரத்தில் கருவுக்கு வெளியே மஞ்சட்கருப்பையில் முதல் இரத்தம் உண்டாகிறது. பிறகு பல மாதம் ஈரல்தான் இரத்தம் செய்யும். கடைசியில் எலும்பு மச்சை அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கருவின் ஹீமோகுளோபினும் வேறு. தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்தெடுக்கும் பிடி அதற்குக் கூட. பிறந்து ஆறு மாதத்துக்குள் அந்த மரபணு பூட்டப்பட்டுப் பெரியவர்களின் மரபணு திறக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயுள்ள பிள்ளைகள் பிறக்கும்போது நன்றாக இருந்து, பிறகு வெளிறிப்போவது இதனால்தான். திறக்கிற மரபணு பழுதானது.

சிசிலியில் தலசீமியா நிறைய. பலெர்மோவின் செர்வெல்லோ மருத்துவமனையில், பனிக்குடத்தைச் சுற்றியிருக்கும் நீரில் சிறிது எடுத்து, ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள்ளேயே நோயைக் கண்டறியும் முறையை வளர்த்திருக்கிறார்கள். இலங்கையிலும் இந்த நோய் உண்டு, குருநாகலில் அதற்கென்றே மத்திய நிலையம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் அந்தப் பழுதான மரபணுவைக் காவுபவர்களா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கும் வீட்டில் இதையும் பார்க்கலாம் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

பக்கத்துத் தீவான சார்டினியாவின் மக்களை ஆராய்ந்த குழு ஒன்று 2008-ல், தலசீமியா இருந்தும் சிலருக்கு நோய் ஏன் மென்மையாக இருக்கிறது என்று தேடியபோது பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவில் வந்து நின்றது. கருக்கால ஹீமோகுளோபினைப் பூட்டி வைக்கும் காவல் அது. நோயாளியின் மச்சைக் கலங்களை வெளியே எடுத்து, அந்தக் காவலை இயக்கும் துண்டை வெட்டி, திரும்ப உடம்பில் விடுகிற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா முதல் அனுமதி கொடுத்தது. வளர்ந்த மனிதரின் சிவப்புக் கலங்கள் கருப்பையில் செய்த ஹீமோகுளோபினை மறுபடி செய்கின்றன, பெரும்பாலானோர் இரத்தம் ஏற்றாமல் வாழ்கிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். குருநாகலுக்கு வருகிற பிள்ளைகள் இன்னும் மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொண்டுதான் வீடு போகிறார்கள்.